இமேஜ் சைஸ், கேன்வாஸ் சைஸ்: எதை எப்போது மாற்ற வேண்டும்?

தூரிகைப்பித்தன்:

வணக்கம் நண்பர்களே. ஃபோட்டோஷாப்பில் இமேஜ் மெனுவைத் திறந்தால் இமேஜ் சைஸ், கேன்வாஸ் சைஸ் என்று இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் அகலம், உயரம் என்று ஒரே மாதிரிக் கட்டங்கள்தான். ஆனால் ஒரே எண்ணைக் கொடுத்தாலும் விளைவு வேறாக வருகிறது.

படம் 4000 × 3000 பிக்சல். ரெசொல்யூஷன் 72 என்று காட்டுகிறது. பத்துப் பேர் வரிசையாக நிற்கும் குழுப் படம். இதை 6 × 4 இன்ச் பிரிண்டாக, 300 பிபிஐயில் (இன்ச்சுக்கு 300 பிக்சல்) கொடுக்க வேண்டும். அதாவது 1800 × 1200 பிக்சல்.

இமேஜ் சைஸில் சங்கிலிக் குறியை (அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் பூட்டுவது) எடுத்துவிட்டு 1800, 1200 கொடுத்தால் எல்லா முகமும் பக்கவாட்டில் உப்பித் தெரிகிறது. கேன்வாஸ் சைஸில் அதே எண்களைக் கொடுத்தால் வெட்டுப்படும் என்று எச்சரிக்கை வருகிறது. தொடர்ந்தால் நடுவில் நிற்பவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். வெறும் 72ஐ 300 ஆக்கினால் ஃபைல் ஊதிப் பெருக்கிறது, தெளிவு மட்டும் கூடவில்லை.

யார் தலையும் வெட்டுப்படாமல், முகமும் இழுபடாமல் இதை எப்படிச் செய்வது? அப்படியே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டையும் சொன்னால் நல்லது.

---

நிழற்பெட்டி:

படத்தில் ஒருவருடைய கண்ணை 400 சதவீதம் ஜூம் செய்து, ரூலர் டூலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப் பாருங்கள். 40 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம்.

இமேஜ் சைஸில் 50 சதவீதம் குறைத்த பிறகு அதே கண் 20 பிக்சல்தான் இருக்கும். கேன்வாஸ் சைஸில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்தக் கண் 40 பிக்சலாகவே இருக்கும். அல்லது படத்துக்கு வெளியே போயிருக்கும். வேறுபாடு மொத்தமும் இதுதான். இமேஜ் சைஸ் படத்தில் உள்ள பொருள்களை எத்தனை பிக்சலால் வரைவது என்பதை மாற்றுகிறது. கேன்வாஸ் சைஸ் படத்தைத் தொடுவதில்லை, சட்டத்தை மட்டும் பெரிதாக்கும் அல்லது சுருக்கும்.

உங்களுக்கு வந்த விளைவுகளை இதை வைத்துப் பார்க்கலாம். 4000ஐ 1800 ஆக்கினால் 0.45 மடங்கு. 3000ஐ 1200 ஆக்கினால் 0.40 மடங்கு. அகலம் ஒரு விகிதத்தில், உயரம் வேறு விகிதத்தில் சுருங்கியதால் ஒவ்வொரு முகமும் இருக்க வேண்டியதைவிட 12.5 சதவீதம் அகன்றுவிட்டது. சங்கிலிக் குறியை எடுப்பதற்குப் புகைப்பட வேலையில் அநேகமாக எந்தக் காரணமும் கிடையாது. அதை எப்போதும் பூட்டியே வையுங்கள்.

கேன்வாஸ் சைஸில் நடந்தது வேறு. 4000 × 3000 என்பது 120 லட்சம் பிக்சல். 1800 × 1200 சட்டத்துக்குள் அடங்குவது 21.6 லட்சம். அதாவது படத்தின் நடுவிலிருந்து 18 சதவீதப் பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

சிக்கலின் வேர் வடிவ விகிதம். உங்கள் படம் 4:3, பிரிண்ட் 3:2. இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தாது. ஒன்று ஓரத்தில் வெற்றிடம் விட வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் வெட்ட வேண்டும். எதுவானாலும் முதலில் இமேஜ் சைஸ், பிறகுதான் கேன்வாஸ் சைஸ்.

முழுப் படமும் வேண்டுமென்றால்: கன்ட்ரோல் + ஆல்ட் + ஐ அழுத்தி இமேஜ் சைஸைத் திறக்கவும். ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்ற விடுவது) டிக் இருக்கட்டும், சங்கிலி பூட்டியிருக்கட்டும். ரெசொல்யூஷன் 300 கொடுத்துவிட்டு, அலகைப் பிக்சலுக்கு மாற்றி உயரம் 1200 கொடுக்கவும். அகலம் தானாக 1600 ஆகும். ரீசாம்பிள் பட்டியலில் பைக்யூபிக் ஷார்ப்பர் எடுக்கலாம், அது சுருக்குவதற்கானது. ஓகே கொடுத்துவிட்டு கன்ட்ரோல் + ஆல்ட் + சி. கேன்வாஸ் அகலம் 1800, உயரம் 1200, ஆங்கர் (படம் சட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஒன்பது கட்டம்) நடுவில், எக்ஸ்டென்ஷன் கலர் (புது இடத்தின் நிறம்) வெள்ளை. இடமும் வலமும் 100 பிக்சல் வெள்ளைப் பட்டை வரும்.

பட்டை வேண்டாம், பிரிண்ட் முழுதும் படமாகவே இருக்க வேண்டும் என்றால்: இமேஜ் சைஸில் அகலம் 1800 கொடுக்கவும், உயரம் 1350 ஆகும். பிறகு கேன்வாஸ் சைஸில் உயரம் மட்டும் 1200. இங்கே 150 பிக்சல் வெட்டுப்பட வேண்டும். ஆங்கரை நடுவில் வைத்தால் மேலே 75, கீழே 75 போகும். குழுப் படத்தில் தலைக்கு மேலே இடம் குறைவாக இருந்தால் ஆங்கரின் மேல் வரிசை நடுக் கட்டத்தைச் சொடுக்குங்கள். 150ம் கால் பக்கம் போய்விடும், தலைகள் தப்பிக்கும்.

ஆங்கர் கட்டத்தில் பலரும் தடுமாறுவார்கள். நீங்கள் சொடுக்கும் கட்டம் *இருக்கும் படம் எங்கே நிற்க வேண்டும்* என்பதைக் குறிக்கிறது. புது இடம் எங்கே வர வேண்டும் என்பதை அல்ல. வலப்பக்கம் இடம் வேண்டுமென்றால் இடப்பக்கக் கட்டத்தைச் சொடுக்க வேண்டும். அம்புக்குறிகள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள்.

---

அச்சுமை:

நிழற்பெட்டி சொன்னதோடு ரெசொல்யூஷன் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்க. அதில்தான் அதிகம் பேர் வீணாகக் கஷ்டப்படுறாங்க.

72, 300 என்பதெல்லாம் ஃபைலுக்குள் எழுதிவைத்த ஒரு குறிப்பு, அவ்வளவுதான். "பிரிண்ட் போடும்போது ஒரு இன்ச்சுக்குள் இத்தனை பிக்சலை அடுக்கு" என்று பிரிண்டருக்குச் சொல்வது. உங்க படத்தில் இருப்பது 4000 பிக்சல். 72 என்றால் 4000 ÷ 72 = 55.56 இன்ச் அகலம். 300 என்றால் 4000 ÷ 300 = 13.33 இன்ச். பிக்சல் ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்கிரீனில் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான்.

இமேஜ் சைஸ் பெட்டியில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு 72ஐ 300 ஆக்கிப் பாருங்க. ஃபைல் அளவு 34.3 எம்பி என்று மேலே காட்டுவது அப்படியே இருக்கும் (4000 × 3000 × 3 பைட். இது மெமரியில் எடுக்கும் இடம், ஜேபெக் ஃபைலின் அளவு இல்லை). இன்ச் மட்டும் மாறும்.

ரீசாம்பிள் டிக் இருக்க, அலகும் இன்ச்சில் இருந்தால் கதை வேறு. 55.56 இன்ச்சை அப்படியே வைத்துக்கொண்டு இன்ச்சுக்கு 300 பிக்சல் வேண்டும் என்று நீங்க கேட்பதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 16667 × 12500 பிக்சலாகப் படத்தை ஊதிவிடும். 34.3 எம்பி 596 எம்பி ஆகும். கூடுதலாக வந்த பிக்சல் எல்லாமே பக்கத்துப் பிக்சலைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பியது. கேமரா பதியாத விவரம் அதில் எப்படி வரும்? உங்களுக்கு ஃபைல் பெருத்ததும் தெளிவு கூடாததும் இதனால்தான்.

சின்னப் படத்தைப் பெரிதாக்கும்போதும் இதே கணக்கு. 600 × 400 படத்தை 1800 × 1200 ஆக்கினால் ஒன்பது பிக்சலில் ஒன்றுதான் அசல் தகவலுக்குச் சமம், மற்ற எட்டும் ஊகம். பிரிசர்வ் டீடெய்ல்ஸ் 2.0 மாதிரி முறைகள் விளிம்பை நன்றாகக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் மங்கிய எழுத்தை வாசிக்கும்படி ஆக்காது.

ரெசொல்யூஷன் கேன்வாஸ் சைஸிலும் காலை வாரும். அங்கே அலகை இன்ச் என்று வைத்து "1 இன்ச் கூட்டு" என்றால் 72 படத்தில் 72 பிக்சல் கூடும், 300 படத்தில் 300 பிக்சல் கூடும். ஒரே அமைப்பை இரண்டு படத்துக்குப் போட்டுவிட்டு, ஒன்றில் ஓரம் மெலிதாகவும் இன்னொன்றில் தடிமனாகவும் இருக்கிறதே என்று தேடுவாங்க. பிரிண்ட் வேலை என்றால் முதலில் ரீசாம்பிள் இல்லாமல் ரெசொல்யூஷனை 300 ஆக்குங்க, அதற்குப் பிறகு இன்ச்சிலோ மில்லிமீட்டரிலோ பேசலாம். வெப் வேலை என்றால் அலகு பிக்சல்தான், ரெசொல்யூஷன் கட்டத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் ஓரம்) விடும்போதும் இந்த இரண்டையும் மாற்றிப் போடுறாங்க. ஏ4 என்பது 210 × 297 மி.மீ. நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் விட்டால் 216 × 303, அதாவது 300 பிபிஐயில் 2551 × 3579 பிக்சல். இதை இமேஜ் சைஸில் கொடுத்தால் டிசைன் முழுதும் இழுபடும்: அகலத்தில் 2.86 சதவீதம், உயரத்தில் 2.02 சதவீதம். ஓரத்தில் இருக்கும் எழுத்து வெட்டுக்கோட்டை நோக்கி நகர்ந்துவிடும். செய்ய வேண்டியது கேன்வாஸ் சைஸில் ரிலேட்டிவ் (இருக்கும் அளவோடு எவ்வளவு கூட்டுவது என்பது) டிக் போட்டு இரண்டு கட்டத்திலும் 6 மி.மீ. பிறகு பின்னணி நிறத்தையோ படத்தையோ அந்தப் புது ஓரம் வரைக்கும் நீட்டணும். கேன்வாஸ் இடத்தைத்தான் கொடுக்கும், அதை நிரப்புவது நம்ம வேலை. வெறும் வெள்ளையாக விட்டால் கட்டிங்கில் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும்.

---

தூரிகைப்பித்தன்:

இருவருக்கும் மிக்க நன்றி. 1600 × 1200, பிறகு கேன்வாஸ் 1800: சரியாக வந்துவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள்.

இரண்டு பக்கம் மட்டும் பட்டை இருப்பது அழகாக இல்லை. மொத்தம் 1800 × 1200க்குள் நாலு பக்கமும் சமமாக 50 பிக்சல் வெள்ளை ஓரம் வேண்டும். ரிலேட்டிவில் 10 சதவீதம் கொடுத்துப் பார்த்தால் ஓரம் சமமாக இல்லை.

இன்னொரு கணினியில் கிம்ப் என்ற பட மென்பொருள்தான் இருக்கிறது. அங்கே கேன்வாஸைப் பெரிதாக்கினால் படம் இடது மேல் மூலையில் ஒட்டிக்கொள்கிறது, புது இடத்தில் பிரஷ் ஓட மாட்டேன் என்கிறது.

---

நிழற்பெட்டி:

சதவீதம் அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியாகக் கணக்காகும். 4000 × 3000இல் 10 சதவீதம் என்றால் அகலத்தில் 400, உயரத்தில் 300. ஆக இட வலம் 200, மேல் கீழ் 150. சதுரப் படத்தைத் தவிர வேறெதிலும் சதவீதம் சமமான ஓரம் தராது. பிக்சலில் கொடுங்கள். அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரிலேட்டிவில் கொடுக்கும் எண் இரு பக்கத்துக்கும் சேர்த்து. பக்கத்துக்கு 50 வேண்டுமென்றால் 100 கொடுக்க வேண்டும்.

சமமான ஓரத்துக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். 1800 × 1200இல் பக்கத்துக்கு 50 கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது 1700 × 1100. அதன் விகிதம் 1.545, உங்கள் படத்தின் விகிதம் 1.333. ஆகவே கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும். அசல் ஃபைலிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி பெரிதாக்க வேண்டாம்.

இமேஜ் சைஸில் ரெசொல்யூஷன் 300, அகலம் 1700. உயரம் 1275 ஆகும். கேன்வாஸ் சைஸில் ரிலேட்டிவ் இல்லாமல் உயரம் 1100. ஆங்கர் மேல் நடுவில் இருந்தால் கீழே 175 பிக்சல் போகும். வரிசையில் நிற்பவர்களின் பாதம் தப்புகிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். மறுபடியும் கேன்வாஸ் சைஸ், இந்த முறை ரிலேட்டிவ் டிக், அகலம் 100, உயரம் 100. ஆங்கரை மறக்காமல் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே கட்டளைதான், முதலில் வெட்டியது, பிறகு ஓரம் கொடுத்தது.

ஓரத்தை முதலிலேயே போட்டுவிட்டுப் பிறகு இமேஜ் சைஸில் சுருக்கினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஓரமும் சேர்ந்து சுருங்கும்: 100 பிக்சல் ஓரம் 0.4 மடங்கில் 40 ஆகிவிடும். அதைவிட மோசம், படமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் இரண்டு நிறமும் கலந்து மசமசப்பான ஒரு விளிம்பு உண்டாகும். பைக்யூபிக் முறையில் அந்தக் கோட்டை ஒட்டிப் படத்தின் உள்ளே மெல்லிய கருநிழலும் வரலாம். ஓரம் கத்தியால் கீறியது போல் நறுக்கென்று இருக்க வேண்டுமென்றால் அது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் கலர் பட்டியல் மங்கிப்போய்ச் சொடுக்க முடியாமல் இருந்தால், உங்கள் படத்தில் பேக்ரவுண்ட் லேயர் (பூட்டிய அடி அடுக்கு) இல்லை என்று பொருள். பூட்டைத் திறந்து சாதாரண லேயராக மாற்றியிருப்பீர்கள். அப்போது புது இடம் கட்டம் கட்டமாக, ஒளி ஊடுருவும்படி வரும். அடியில் ஒரு லேயர் சேர்த்து வெள்ளை நிரப்பினால் போதும்.

---

அச்சுமை:

சமமான மெல்லிய ஓரம் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 50 பிக்சல் என்பது 300 பிபிஐயில் 4.2 மி.மீ. ஓரமில்லா பிரிண்ட் போடும் இயந்திரங்கள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிடும். ஒரு பக்கம் 1 மி.மீ. போனாலே அங்கே 3.2, எதிர்ப்பக்கம் 4.2. கண்ணுக்குத் தெரியும். "ஓரத்தோடு, பெரிதாக்காமல்" என்று கேட்டுப் போடுங்க, அல்லது ஓரத்தை 100 பிக்சல் ஆக்குங்க. ஓரம் அகலமாக இருந்தால் 1 மி.மீ. கோணல் உறுத்தாது.

---

வில்பர்நேசன்:

கிம்ப் கேள்விக்கு. அங்கே பெயர்கள் கொஞ்சம் மாறும். இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் என்பதுதான் பிக்சல் எண்ணிக்கையை மாற்றுவது. கேன்வாஸ் சைஸ் அதே பெயரில் இருக்கிறது. பிரிண்ட் சைஸ் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பிபிஐ குறிப்பை மட்டும் மாற்றும், ஒரு பிக்சலையும் தொடாது. ஃபோட்டோஷாப் ஒரே பெட்டிக்குள் ஒரு டிக்கை வைத்துக் குழப்புவதைக் கிம்ப் தனித்தனிக் கட்டளையாகப் பிரித்துவைத்திருப்பது, கற்றுக்கொள்பவருக்கு எவ்வளவோ மேல்.

படம் மூலைக்குப் போவதற்குக் காரணம்: கேன்வாஸ் சைஸ் பெட்டியில் ஆஃப்செட் எக்ஸ், ஒய் இரண்டும் 0 என்று இருக்கும். எண்களை மாற்றியதும் கீழே உள்ள சென்டர் பொத்தானை அழுத்துங்கள். 1600ஐ 1800 ஆக்கினால் எக்ஸ் 100 என்று மாறும். அதற்குப் பிறகு ரீசைஸ்.

பிரஷ் ஓடாததற்குக் காரணம் வேறு. கிம்பில் கேன்வாஸுக்கு ஓர் அளவு, ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனி அளவு. நீங்கள் கேன்வாஸை 1800 ஆக்கியபோது லேயர் 1600லேயே நின்றுவிட்டது. ஜூமைக் குறைத்துப் பார்த்தால் படத்தைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக ஒரு விட்டுவிட்ட கோடு தெரியும். அதுதான் லேயரின் எல்லை. அதற்கு வெளியே பிக்சலே கிடையாது, பிரஷ் எங்கே வரையும்? லேயர் மெனுவில் லேயர் டு இமேஜ் சைஸ் கொடுங்கள், கோடு கேன்வாஸ் ஓரத்துக்குப் போய்விடும்.

இரண்டு வேலையையும் ஒரே முறையில் முடிக்கலாம். 2.10 பதிப்பின் கேன்வாஸ் சைஸ் பெட்டியில் ரீசைஸ் லேயர்ஸ் என்ற பட்டியலை ஆல் லேயர்ஸ் ஆக்கி, ஃபில் வித் என்பதில் வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே லேயர் உள்ள புகைப்படத்துக்கு இது சரி. பல லேயர் இருந்தால் ஆல் லேயர்ஸ் வேண்டாம். மேல் லேயர்களும் வெள்ளையால் நிரம்பிக் கீழே உள்ள ஓரத்தை மறைக்கும். 3.0 பதிப்பில் பிரஷ் அமைப்புகளிலேயே எக்ஸ்பாண்ட் லேயர்ஸ் என்ற தேர்வு வந்திருக்கிறது. அதை இயக்கினால் வரைய வரைய லேயர் தானாக விரியும்.

கட்டம் கட்டமான ஓரத்தை ஃப்ளாட்டன் இமேஜ் மூலம் நிரப்பினால், டூல்பாக்ஸில் அப்போது இருக்கும் பேக்ரவுண்ட் நிறம்தான் வரும். எப்போதும் வெள்ளை என்று நம்ப வேண்டாம். கறுப்பு ஓரத்தோடு ஜேபெக் வெளியே வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

---

லேயர்லோகம்:

சிறிதாக்கிய கேன்வாஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. வெட்டுப்படும் என்ற எச்சரிக்கையைப் பார்த்ததும் எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் பேக்ரவுண்ட் லேயருக்கு அது நிஜம்: சட்டத்துக்கு வெளியே போனது போனதுதான். சாதாரண லேயருக்கு அப்படியல்ல. பிக்சல்கள் கேன்வாஸுக்கு வெளியே மறைந்து உயிரோடு இருக்கும். இமேஜ் மெனுவில் ரிவீல் ஆல் கொடுத்தால் கேன்வாஸ் விரிந்து எல்லாம் தெரியும். கிம்பில் ரீசைஸ் லேயர்ஸை நன் என்று விட்டிருந்தால் ஃபிட் கேன்வாஸ் டு லேயர்ஸ் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே குழுப் படம் மாதிரி எங்கே வெட்டுவது என்று உறுதியில்லாத வேலைக்கு, முதலில் பேக்ரவுண்டின் பூட்டுக் குறியைச் சொடுக்கி லேயராக மாற்றிவிடுங்கள். இமேஜ் சைஸில் 1700 × 1275 ஆக்கி, கேன்வாஸை 1100 ஆக்கிய பிறகும் மூவ் டூலை எடுத்துப் படத்தை மேலும் கீழும் நகர்த்தி, தலைக்கும் பாதத்துக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம். ஆங்கரில் ஒன்பது இடம்தான், இதில் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தலாம். இடம் பிடித்ததும் ஒரு படி அவசியம்: கன்ட்ரோல் + ஏ கொடுத்து, இமேஜ் மெனுவில் க்ராப், க்ராப் டூலின் ஆப்ஷன் பட்டையில் டிலீட் க்ராப்ட் பிக்சல்ஸ் டிக் போட்ட நிலையில். இல்லாவிட்டால் 50 பிக்சல் ஓரத்துக்காகக் கேன்வாஸை விரிக்கும்போது, வெள்ளைக்குப் பதில் மறைந்திருந்த படப் பகுதி மேல் கீழ் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு இமேஜ் சைஸைக் குறைத்தால் 4000 × 3000 அசல் உள்ளேயே பத்திரமாக இருக்கும். பிறகு கன்ட்ரோல் + டியில் பெரிதாக்கினால் அசலிலிருந்தே எடுக்கும். ஆனால் இதெல்லாம் பிஎஸ்டி மாதிரி லேயரைக் காக்கும் ஃபைலாகச் சேமித்தால்தான். ஜேபெக்கில் லேயரும் கிடையாது, மறைந்த பிக்சலும் கிடையாது. பெயின்ட்.நெட் பயன்படுத்துபவர்களுக்கும் இந்த வசதி இல்லை. அங்கே எல்லா லேயரும் கேன்வாஸ் அளவேதான், வெட்டினால் வெட்டியதுதான்.

ஷார்ப்பன் செய்வதாக இருந்தால் இமேஜ் சைஸுக்குப் பிறகு, வெள்ளை ஓரத்துக்கு முன்பு. ஓரம் போட்ட பிறகு அன்ஷார்ப் மாஸ்க் ஓட்டினால் படத்தின் விளிம்பு முழுக்க ஒரு கறுப்புக் கோடு விழும்.